நாலாயிரத்துக்கு ஐநூறு

அப்பா நல்லது செய்யப் போய்த்தான் இவ்வளவும் நடந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தச் சனிக்கிழமை நான் வீட்டுக்குள் நுழைந்தபோது யாராவது இந்த ஒரு வாக்கியத்தை என்னிடம் சொல்லியிருந்தால், தெரு முனை வரை கேட்கும்படி நான் கத்தியிருக்க மாட்டேன்.

அப்பாவுக்கு மோட்டார் ரிப்பேர் வேலை. கீழே பட்டறை, மேலே வீடு. தண்ணீர் பம்பு, தையல் மெஷின் மோட்டார், மேஜை ஃபேன், எது வந்தாலும் பிரித்துப் போட்டுவிட்டுத்தான் என்ன கோளாறு என்று கேட்பார். அவருடைய கொள்கை ஒன்றே ஒன்று: மூடி கெட்டால் மூடியைத் தூக்கிப் போடு, உள்ளே ஓடுகிற சாமானைக் காப்பாற்று. அந்தக் கொள்கையில்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. நான் கம்ப்யூட்டர் படித்ததும் அதில்தான். எங்கள் வம்சத்திலேயே முதல் பட்டம் என்னுடையது. அதனால் ரிமோட் வேலை செய்யாவிட்டாலும், பக்கத்து வீட்டுக்காரர் போனில் எழுத்து பெரிதாகிவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். வெளியே போனாலோ, இந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவு கட்டிவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் என் கோபம் எப்போதும் கொதிநிலைக்கு ஒரு விரல் கீழேதான் நிற்கும்.

மேல் வீட்டின் பின்னறை அக்காவுடையது. அக்கா பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு ஒரு வீடியோ ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தவள். கேபிள் சுற்றப் போனவள், எடிட்டர் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தே எடிட்டிங் கற்றுக்கொண்டாள். பிறகு வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஒரு படம் எடுக்கத் தொடங்கினாள். பஸ் டிப்போவில் பஸ் கழுவுகிற பெண்களைப் பற்றிய படம். மூன்று வருடம் கேமராவும் கையுமாக அங்கேயே கிடந்தாள். இப்போது அந்த டிப்போ இல்லை. இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். அங்கே வேலை பார்த்தவர்களும் திசைக்கொருவராகப் போய்விட்டார்கள். எடுத்ததை மறுபடி எடுக்க முடியாது. அடுத்த திங்கட்கிழமை ஒரு டிவி சேனல்காரருக்குப் படத்தின் முதல் வடிவத்தைப் போட்டுக் காட்ட வேண்டும்.

அந்த மூன்று வருடமும் ஒரே ஒரு பெட்டிக்குள் இருந்தது.

பெட்டி என்றால், உள்ளே ஹார்டு டிஸ்க் இருக்கிற, வெளியிலிருந்து ஒயரில் மாட்டுகிற கறுப்புப் பெட்டி. நாலாயிரம் ஜிபி. அக்கா ஸ்டூடியோவை விட்டு வந்தபோது முதலாளி கொடுத்தனுப்பியது. சின்ன டிஸ்க்குகளில் எடுத்து வருவதை எல்லாம் அதில் கொட்டிவிட்டு, சின்னதுகளை அழித்து மறுபடி ஷூட்டிங்குக்குக் கொண்டுபோவாள். "இன்னொரு காப்பி வெச்சுக்கோ அக்கா" என்று நான் சொல்லாத நாள் கிடையாது. "வெக்கணும்டி, வெக்கணும்" என்பாள், பல் டாக்டரிடம் போகச் சொன்னால் சொல்வதுபோல.

பெட்டியில் கரண்ட் ஒயர் நுழைகிற ஓட்டை கொஞ்ச நாளாகவே லூஸ். ஒயரை ஒரு பக்கமாக வளைத்து, துணி கிளிப் போட்டு நிறுத்தி வைத்திருந்தாள். அப்பா அதைப் போகும்போதும் வரும்போதும் பார்த்திருக்கிறார். ஒரு மெக்கானிக் வீட்டில் துணி கிளிப்பில் ஓடுகிற மெஷினா? அவருக்கு அது தூக்கத்தைக் கெடுக்கிற விஷயம்.

சனிக்கிழமை காலையில் அக்கா இசை போடுகிறவரைப் பார்க்கக் கிளம்பினாள். நான் ஆபீஸ் போய்விட்டேன். சரக்கு அனுப்புகிற கம்பெனியில் சிஸ்டம்ஸ் வேலை எனக்கு, சனிக்கிழமையும் அரை நாள் உண்டு. அப்பா மேலே வந்து, பெட்டியை எடுத்துப் பிரித்தார். ஓட்டையைச் சரிசெய்யலாம் என்று ஈயம் பற்ற வைக்கிற சூட்டுக்கோலை வைத்ததில் பெட்டிக்குள் இருந்த சின்ன சர்க்யூட் போர்டில் ஏதோ பொசுங்கிவிட்டது. அவர் அலட்டிக்கொள்ளவில்லை. போர்டுதானே, மூடிக்குச் சேர்ந்த சாமான்தானே. உள்ளே இருந்த டிஸ்க் புத்தம் புதிது மாதிரி இருந்தது. அதை எடுத்து, அக்காவின் கம்ப்யூட்டரைத் திறந்து, உள்ளே இருந்த உபரி ஒயரில் நேராக மாட்டிவிட்டார். நான் அப்படி மாட்டுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். சொல்லப்போனால் நான் இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

கம்ப்யூட்டரைப் போட்டதும் திரையில் ஒரு செய்தி வந்தது. இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த வேண்டுமென்றால் முதலில் ஃபார்மட் செய்ய வேண்டும், அதாவது இருப்பதைத் துடைத்துப் புதிதாக்க வேண்டும், செய்யட்டுமா?

அப்பாவுக்கு இங்கிலீஷ் வராது. படிக்கத் தெரியாத பட்டனை அமுக்கக் கூடாது என்பது அவருடைய இன்னொரு சட்டம். அப்படியே விட்டுவிட்டு அக்காவுக்காகக் காத்திருந்தார். அந்தச் சட்டத்துக்கு நான் இன்றைக்கும் கும்பிடு போடுகிறேன்.

அக்கா வந்து பார்த்துவிட்டு எனக்கு போன் செய்தாள்.

"அடியே, டிஸ்க்கு ஃபார்மட் கேக்குதுடி."

"எதையும் தொடாதே. சும்மா இரு. மூச்சுகூட மெதுவா விடு. வரேன்."

வந்து பார்த்துவிட்டுத்தான் கத்தினேன். அப்பாவை, அக்காவை, துணி கிளிப்பை, ஸ்டூடியோ முதலாளியை, எல்லாரையும். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "அவரு என்னத்தத்தான் பண்ணாரு, சொல்லிட்டுத் திட்டேன்" என்றாள்.

"பெட்டியைப் பிரிச்சிருக்காரும்மா!"

"அவரு எதைத்தான் பிரிக்கல? உன் தொட்டிலையே பிரிச்சு மாட்டினவரு."

அப்பா டிஸ்க்கைக் காட்டினார். "உள்ள சாமான் நல்லா சுத்துதேம்மா. காதை வெச்சுப் பாரு. சத்தம் சுத்தமா இருக்கு" என்றார். பேரிங் பார்ப்பதுபோல் டிஸ்க்கில் காது வைத்துப் பார்த்திருக்கிறார். நானும் வைத்துப் பார்த்தேன். சுத்தமாகத்தான் சுற்றியது.

ஆனால் திரையில் தெரிந்தது வேறு. டிஸ்க் எப்படிப் பிரிந்திருக்கிறது என்று காட்டுகிற பக்கத்தைத் திறந்தால் மூன்று துண்டாக இருந்தது. முதல் துண்டு நானூற்று அறுபத்தைந்து ஜிபி, அதற்குள் என்ன இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குப் புரியவில்லை. மற்ற இரண்டு துண்டும் எதற்கும் ஒதுக்காத வெற்றிடம். அக்காவின் டிஸ்க் நாலாயிரமும் ஒரே துண்டாக, முக்கால்வாசி நிரம்பி இருந்ததை நான் போன வாரம்தான் என் கண்ணால் பார்த்தேன்.

அக்கா சத்தமே இல்லாமல் அழுதாள். அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அவள் சண்டை போட்டுக்கொண்டு அழுகிற ரகம்.

"நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"நீ பாக்க வேணாம். தொழில் பண்றவங்ககிட்டப் போலாம். ஆத்திரத்துல நீ எதையாவது அமுக்கிட்டேன்னா?"

வலித்தது. ஆனாலும் கிளம்பினேன். டிஸ்க்கை ஒரு துவாலையில் சுற்றி, குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனோம்.

கம்ப்யூட்டர் சாமான் கடைகளாக இருக்கிற தெருவில், இரண்டாவது மாடியில், அழிந்த தகவல்களை மீட்டுத் தருகிறோம் என்று கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டிய கடை. உள்ளே ஏசி குளிர், ஈய வாசனை, கண்ணாடி மேஜை நிறைய உயிர் போன டிஸ்க்குகள். கடைக்காரர் நெற்றியில் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்தார். டிஸ்க்கை வாங்கி மாட்டினார். முதல் துண்டைப் பார்த்ததுமே சிரித்தார்.

"மேடம், இதை எங்க வாங்கினீங்க?"

"வாங்கல. ஸ்டூடியோல குடுத்தாங்க."

"அதான். ஏமாத்திட்டாங்க. நானூத்தி அறுபத்தஞ்சுன்னு காட்டினா அது ஐநூறு ஜிபி டிஸ்க்கு மேடம். கம்ப்யூட்டர் ஒரு கணக்குப் போடும், விக்கிறவன் ஒரு கணக்குப் போடுவான். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஐநூறை எடுத்து, நாலாயிரம்னு பொய் காட்டற பெட்டிக்குள்ள போட்டுக் குடுத்திருக்கான். சந்தையில நிறைய ஓடுது."

"அப்போ நான் அதுல போட்டதெல்லாம்?"

"ஐநூறு நிரம்பினதும் பழசு மேலயே எழுதிக்கிட்டு வந்திருக்கும். பேரு மட்டும் தெரியும், உள்ள ஒண்ணும் இருக்காது."

அக்கா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த நிமிடம் அவள் முகத்திலிருந்து மூன்று வருடம் இறங்கிப் போனதை நான் பார்த்தேன். படம் அழிந்துபோயிற்று என்பதுகூடப் பரவாயில்லை, ஆரம்பத்திலிருந்தே அது அங்கே இருக்கவில்லை என்கிறார் இந்த மனுஷன்.

"சார், போன வாரம் மூணு வருஷத்துக்கு முந்தின ஷாட்டைப் போட்டுப் பாத்தோம். ஓடுச்சு" என்றேன்.

"தங்கச்சி, கொஞ்சம் இருங்க." என்னைப் பார்க்காமலேயே சொன்னார். "மேடம், டிஸ்க்கை விட்டுட்டுப் போங்க. ஃபார்மட் அடிச்சு, அப்புறம் ஸ்கேன் விட்டு, கிடைச்சதை எடுத்துத் தரேன். கியாரண்டி கிடையாது."

"ஃபார்மட் அடிச்சுட்டு ஸ்கேனா?"

"அதான் முறை, தங்கச்சி. நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"இதைத்தான்" என்றேன்.

கையை நீட்டி ஒயரைப் பிடுங்கப் போனேன். அவர் பதறிப்போய், "இருங்க இருங்க, முறையா நிறுத்திட்டுக் கழட்டித் தரேன்" என்றார். அது சரிதான். அந்த மட்டில் அவர் நல்ல தொழிலாளி. கழற்றிக் கொடுத்தார். துவாலையில் சுற்றிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பின்னாலேயே அக்கா படியிறங்கி வந்தாள், நடைபாதையிலேயே என் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"உன் கோவத்தைக் காட்ட என் படம்தான் கிடைச்சுதா? அந்தாளு கொஞ்சமாவது எடுத்துத் தரேன்னாரு!"

"ஃபார்மட் அடிக்கறேங்கறான் அக்கா!"

"அவரு தினமும் பத்து டிஸ்க்குப் பாக்கறவரு. நீ ஆபீஸ்ல பிரிண்டருக்குப் பேப்பர் போடறவ!"

தெருவில் போகிறவர்கள் எங்களை விட்டு ஒதுங்கிப் போனார்கள். நான் டிஸ்க்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தேன். கடைக்காரர் சொன்னது தப்பு என்று எனக்குத் தெரியும், எது சரி என்று தெரியாது. இந்த நிலைமைதான் என்னை எல்லாவற்றையும்விட எரிச்சல்படுத்தும்.

பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். டிஸ்க் என் மடியில் இருந்தது. துவாலையை விலக்கி டிஸ்க்கின் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தேன். நாலாயிரம் ஜிபி என்று அச்சடித்திருந்தது. சீட்டைப் போலியாக ஒட்டலாம். ஆனால் அந்த மூன்று துண்டு? ஏமாற்று டிஸ்க் என்றால் வெளியே பெரிதாகக் காட்டி உள்ளே சின்னதாக இருக்கும். பெட்டிதான் பொய் சொன்னது என்றால், பெட்டி போனதும் மொத்தமே ஐநூறு என்று தெரிந்திருக்க வேண்டும். இங்கே பெட்டியே இல்லை, டிஸ்க்கோ தன் மொத்த அளவை இன்னமும் நாலாயிரம் என்றுதான் சொல்கிறது. முதல் துண்டு மட்டும்தான், விற்கிறவன் கணக்கில், ஐநூறு. வெற்றிடத்தையும் சேர்த்தால் கணக்கு நேராகிறது. கடைக்காரர் முதல் துண்டோடு நிறுத்திக்கொண்டார். மற்ற இரண்டையும் அவர் கூட்டிப் பார்க்கவில்லை.

நாலாயிரத்துக்கு ஐநூறு.

எட்டில் ஒன்று. ஏறக்குறைய இல்லை, சுத்தமாக எட்டில் ஒன்று.

விபத்தில் கெட்டுப்போன சாமான் இப்படிக் கணக்காகக் கெடாது. இது கெட்டுப்போனதே இல்லை, யாரோ வேறு அளவுகோலை வைத்து அளக்கிறார்கள்! பஸ்ஸிலேயே "அக்கா!" என்று கத்திவிட்டேன். டிரைவர் பிரேக் போட்டார்.

விஷயம் இதுதான். ஹார்டு டிஸ்க்கைக் கோடிக்கணக்கான கட்டம் போட்ட ஒரு மைதானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கட்டத்தில் ஒரு குறிப்பு இருக்கும்: இந்தப் பகுதி இத்தனையாவது கட்டத்தில் தொடங்குகிறது, இத்தனை கட்டம் நீளம் என்று. பழைய முறையில் அந்த எண்ணை எழுத விட்டிருக்கிற இடம் ரொம்பக் குறைவு. இரண்டாயிரம் ஜிபி வரை எண்ணலாம், அதோடு எண் தீர்ந்துவிடும். அதற்கு அப்பால் டிஸ்க்கில் இடம் இருக்கும், அதைக் குறிப்பிட எண் இருக்காது. நான்கு பகுதிக்கு மேல் நேராகப் பிரிக்கவும் முடியாது. கல்லூரியில் இதை முக்கியமான கேள்வி என்று சொல்லி மனப்பாடம் செய்ய வைத்தார்கள். நானும் ஒப்பித்துவிட்டு மார்க் வாங்கினேன். எதற்காக இந்த வரம்பு, அதைத் தாண்ட யார் என்ன செய்தார்கள் என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. லேபில் டிஸ்க்கைத் தொட்டால் அபராதம்.

புதிய முறை ஒன்று இருக்கிறது. அதில் எண்ணுக்குத் தாராளமாக இடம் உண்டு, பகுதிகளும் வேண்டிய மட்டும் பிரிக்கலாம். ஆனால் பழைய கம்ப்யூட்டருக்குப் புதிய முறை புரியாது. அக்காவின் பழைய முதலாளி கம்ப்யூட்டரை மாற்ற மனசு வராதவர். அந்த மாதிரி ஆட்களுக்காகவே பெட்டி செய்தவர்கள் ஒரு தந்திரம் செய்திருந்தார்கள். எட்டுச் சின்னக் கட்டத்தைச் சேர்த்து ஒரே பெரிய கட்டம் என்று பெட்டி கம்ப்யூட்டரிடம் சொல்லும். எண்ணிக்கை எட்டில் ஒன்றாகச் சுருங்கும். பழைய எண்ணுக்குள்ளேயே நாலாயிரமும் அடங்கிவிடும்.

அந்தப் பெட்டி இருக்கிறவரைக்கும் எல்லாம் சரி. பெட்டியைக் கழற்றியதும் அதே குறிப்பை இப்போது சின்னக் கட்டத்தில் எண்ணுகிறது கம்ப்யூட்டர். எட்டில் ஒரு பங்கு தூரம்தான் போகிறது. அங்கே நின்றுகொண்டு, பொருளைக் காணோம், ஃபார்மட் செய்யட்டுமா என்கிறது.

வீட்டுக்கு வந்தபோது அப்பா பட்டறையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு பம்பு பிரித்தபடி கிடந்தது. கையில் திருப்புளி, ஆனால் எதையும் திருப்பவில்லை. சாப்பாட்டுத் தட்டு மூடியபடியே ஓரமாக இருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்தார்.

"அப்பா, உங்க அளக்கற டேப்பைக் குடுங்க" என்றேன்.

ஒரு பக்கம் இன்ச், மறு பக்கம் சென்டிமீட்டர் போட்ட டேப். இழுத்துப் பிடித்தேன்.

"ஒருத்தன் இன்ச்சுல அளந்து, சாவியை அம்பதுல வெச்சிருக்கேன்னு எழுதி வெச்சுட்டுப் போறான். நீங்க சென்டிமீட்டர்ல அம்பது அளந்து தேடறீங்க. சாவி இருக்குமா?"

"எப்படி இருக்கும்? பாதி தூரம்கூட வந்திருக்க மாட்டேனே."

"சாவி தொலைஞ்சுதா?"

"தொலையலையே. இடத்துலதான் இருக்கு." டேப்பைத் திருப்பிப் பார்த்தார். "அந்தப் பெட்டிதான் இன்ச்சா?"

"ஆமா."

"அப்போ நான் சாமானைக் கெடுக்கல?"

"டேப்பைத்தான் ஒடச்சீங்க."

அப்பா மறுபடி உட்கார்ந்தார். உட்கார்ந்த விதத்திலேயே உடம்பு லேசானது தெரிந்தது. அக்கா மட்டும் நின்றுகொண்டிருந்தாள். "பேசறதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. படத்தைக் காட்டு, நம்பறேன்" என்றாள். நியாயம்தான்.

அதே மாதிரிப் பெட்டி இன்னொன்று கிடைத்தால் சுலபமாக முடியும். அந்த மாடல் நின்றே வருடக்கணக்காகிறது. வேறு பெட்டி வாங்கினால் அது எந்தக் கட்டத்தில் எண்ணும் என்று மாட்டிப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் கட்டத்தை எண்ணப் பெட்டி எதற்கு? கம்ப்யூட்டரிடமே, பெரிய கட்டமாக எண்ணு என்று சொன்னால் ஆகாதா? ஆபீஸில் நான் மேய்ப்பது விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் ஓடுகிற சர்வர்கள். அதில் இதற்கு ஒரு கட்டளை இருக்கிறது. டிஸ்க்கில் ஒரு எழுத்தையும் மாற்றாமல், படிக்க மட்டும் அனுமதி கொடுத்து, கட்டத்தின் அளவை நாமே சொல்லலாம்.

என் பையில் எப்போதும் கிடக்கிற பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஓடவிட்டேன். கட்டளையை அடித்தேன்.

அப்படி ஒன்றே எனக்குத் தெரியாது என்று பதில் வந்தது.

அக்கா எழுந்து போய் ஜன்னலைத் திறந்தாள். அவள் திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். அந்தக் கடைக்காரர் சொன்னதே சரியாக இருந்துவிட்டால்? எட்டில் ஒன்று என்பது தற்செயலாக இருந்துவிட்டால்? என் ஆத்திரத்தை மூளை என்று நினைத்துக்கொண்டேனா?

பிறகுதான் பார்த்தேன், பென் டிரைவில் இருந்தது அரதப் பழசு. அந்த வசதி பிற்பாடு சேர்த்தது. புதியதை என் லேப்டாப்பில் இறக்க வேண்டும். எங்கள் வீட்டு இன்டர்நெட் சோம்பேறி. இறங்குகிற நேரத்தில் அம்மா மூன்று தடவை வந்து "ஆச்சா?" என்றாள்.

"நீ கேக்கக் கேக்க அது மெதுவாகுதும்மா."

"அது என்ன பாலா, பாத்துக்கிட்டே இருந்தா பொங்காம இருக்க?"

அப்பா மேலே வந்து கதவோரம் நின்றார். உள்ளே வரவில்லை. கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார், தெரியாத்தனமாக எதையும் தொட்டுவிடக் கூடாது என்பதுபோல.

இறங்கியது. மறுபடி கம்ப்யூட்டரைப் போட்டேன். கட்டளையை அடித்துவிட்டு, ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தேன். படிக்க மட்டும் என்பது இருக்கிறதா, இருக்கிறது. கட்டத்தின் அளவு எட்டு மடங்கா, ஆமாம். அமுக்கினேன்.

ஒரே துண்டு. நாலாயிரமும் ஒரே துண்டு.

அதைத் திறந்தேன். போல்டர்கள் வரிசையாக வந்து நின்றன, அக்கா வைத்த அதே கிறுக்குப் பெயர்களோடு: "மழை நாள் சண்டை", "சூப்பர்வைசர் ஒழிக", "ஏணிக்காரி", "இதை மறந்துடாதே".

"பேரு மட்டும் தெரியும்னு அந்தாளு சொன்னாரே" என்றாள் அக்கா. குரலில் சுரத்தே இல்லை. "திற. ஏணிக்காரியைத் திற. அது முதல் மாசத்துல எடுத்தது."

திறந்தேன். ஒரு நொடி கறுப்பு. பிறகு தண்ணீர்ச் சத்தம். குழாயிலிருந்து பீய்ச்சியடிக்கிற தண்ணீர், தகரத்தில் மோதுகிற சத்தம். ஏணியின் மேல் நிற்கிற பெண்ணொருத்தி பஸ்ஸின் கூரையைத் தேய்த்துக்கொண்டே கேமராவைப் பார்த்துச் சொல்கிறாள்: "என்னம்மா, படம் புடிக்கறியா, பஸ்ஸைப் புடிக்கறியா? அந்த வாளியை இப்படி நகத்து!"

அக்கா என் முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டாள். வலி தாங்காமல் நான் திட்ட வாயெடுப்பதற்குள் கட்டிப் பிடித்துக்கொண்டாள். மூக்கை என் சட்டையில் துடைத்தாள். "பிரிண்டர்னு சொன்னது தப்புடி" என்றாள்.

"பிரிண்டருக்கும் நான்தான் பேப்பர் போடறேன்."

அதன்பிறகு நான் யாரையும் எதையும் கொண்டாட விடவில்லை. கடைத்தெருவுக்கு ஓடிப் போய், இரண்டு புதிய டிஸ்க்கும் வேறு வேறு பெட்டிகளும் வாங்கி வந்தேன். இரண்டையும் புதிய முறையில் பிரித்தேன், அதாவது பிரிக்கவே இல்லை, முழுசையும் ஒரே பகுதியாக விட்டேன். எந்தப் பெட்டியில் போட்டாலும், பெட்டியே இல்லாமல் மாட்டினாலும் ஒரே மாதிரி தெரிகிறதா என்று மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்தேன். தெரிந்தது. அப்புறம்தான் காப்பி போட்டேன். முதல் சுற்றில் திங்கட்கிழமைக்கு வேண்டியது மட்டும், பிறகு மற்றதெல்லாம்.

காப்பி ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தக் கடைக்காரருக்கு போன் செய்தேன். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்றுதான் செய்தேன். அவர் முழுசையும் கேட்டுக்கொண்டார்.

"அடக் கடவுளே" என்றார். "போன மாசமும் ஒருத்தர் இதே மாதிரி நானூத்தி அறுபத்தஞ்சுன்னு ஒண்ணு கொண்டாந்தாரு, தங்கச்சி. ஏமாத்து டிஸ்க்குன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

"ஃபார்மட் அடிச்சீங்களா?"

"இல்ல. அவரு அழுதுக்கிட்டே எடுத்துட்டுப் போயிட்டாரு. நம்பர் இருக்கு. இப்பவே கூப்பிடறேன். அந்தக் கட்டளையைக் கொஞ்சம் அனுப்பறீங்களா?"

திட்டுவதற்கு வைத்திருந்த நாலு வார்த்தையையும் விட்டுவிட்டேன். அனுப்பினேன். "ஃபார்மட் அடிச்சுட்டு ஸ்கேன் விடற முறையை முதல்ல நிறுத்துங்க" என்று ஒரு வரியைக் கீழே சேர்த்துத்தான் அனுப்பினேன். கும்பிடுகிற கைப் படம் ஒன்று போனில் பதிலாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா வெட்டி ஒட்டி முடித்தாள். எங்களை எல்லாம் பின்னறையில் உட்கார வைத்தாள். வீட்டில் யாரும் அந்தப் படத்தை அதுவரை பார்த்ததில்லை. மூன்று வருடமாக அக்கா டிப்போவுக்குப் போகிறாள் என்று தெரியும், அவ்வளவுதான். அப்பாவுக்கு நாற்காலி போட்டாள். அவர் சாப்பிட்டு முடித்து, கையைக் கழுவிவிட்டு வந்து, ஒயர்களுக்கு எட்டாத தூரத்தில் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

படம் ஓடியது. தண்ணீர், சோப்பு நுரை, முழங்கால் வரை பாவாடையைச் சொருகிய பெண்கள், சிரிப்பு, கெட்ட வார்த்தை. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்பா உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று முன்னால் சாய்ந்து திரையை நோக்கி விரலை நீட்டினார்.

"நிறுத்து, நிறுத்து. அந்த வண்டி ஒரு பக்கமா சாஞ்சு நிக்குது பாரு. பின்னாடி ஸ்பிரிங் பட்டை ஒடஞ்சிருக்கு."

"அப்பா!" என்றாள் அக்கா. "பஸ்ஸைப் பாக்காதீங்க. ஆளுங்களைப் பாருங்க."

"ஆளுங்களையும்தான் பாக்கறேன். பட்டை ஒடஞ்ச வண்டி மேல ஏணியைச் சாத்தி ஏறுதே அந்தப் பொண்ணு, ஒருத்தனாவது சொன்னானா அவகிட்ட?"

அக்கா படத்தை நிறுத்தினாள். அந்த இடத்துக்கே திரும்பிப் போனாள். பஸ் சாய்ந்துதான் நின்றது. மூன்று வருடத்தில் ஆயிரம் தடவை பார்த்த காட்சி, அவள் கண்ணில் அது பட்டதே இல்லை.

"யாரும் சொல்லலப்பா" என்றாள். பேனாவைத் தேடி எடுத்துக் கையிலேயே ஏதோ எழுதிக்கொண்டாள். பிறகு சிரித்தாள், வெள்ளிக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக. "இந்த ஷாட்டை இன்னும் கொஞ்சம் நீளமா விடறேன். எல்லாரும் எழுந்து வெளிய போங்க. எனக்கு வேலை இருக்கு."